விட்டதைப் பிடிக்க ஓடுகிறவருக்கு வீடியோ காலில் சிகிச்சை: பெங்களூரில் எது தேறும்?

சூதாட்ட நோயும் அந்தப் போனில்தான், வைத்தியமும் அந்தப் போனில்தான். ரம்மி மேசையைத் திறந்த அதே விரல்தான் ஆலோசகர் அனுப்பிய லிங்க்கையும் திறக்க வேண்டும். ஐம்பது நிமிடம் பேசி முடித்து அழைப்பைத் துண்டித்தால், டெலிகிராமில் ‘ஐடி’ (பந்தயத் தளத்தில் ஆடுவதற்கான கணக்கு) கொடுக்கிறவனின் மெசேஜ் திரையில் காத்திருக்கும். சூதாட்டத்துக்கான ஆன்லைன் தெரபியை மற்ற ஆன்லைன் தெரபிகளோடு ஒரே தராசில் நிறுக்க முடியாததற்கு இதுதான் காரணம். மனச்சோர்வுக்கு அருமையாகப் பேசும் ஆலோசகர்கூட இதில் ஆறு வாரம் பேசிவிட்டுக் கையைப் பிசையலாம். முதலில் பணம் போகும் வழியை அடைக்க வேண்டும், பேச்சு அதற்கு அப்புறம். எந்தச் சேவை அதைச் செய்கிறது என்பதுதான் இங்கே அளவுகோல்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் பயந்துகொண்டு ஆலோசகரிடமே பொய் சொல்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பதையும் குற்றமாக்கியது. ஆடுகிறவருக்கு அதில் தண்டனை கிடையாது. உள்நாட்டுப் பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை உடனே நிறுத்தின. நோய் நின்றுவிடவில்லை. ஆடுகிறவர்கள் வெளிநாட்டுத் தளங்களுக்கும், பிளே ஸ்டோரில் இல்லாத ஏபிகே ஃபைல்களுக்கும், வாட்ஸாப்பில் ஐடி விற்கிறவர்களிடமும் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே “இப்பதான் எல்லாத்தையும் தடை பண்ணிட்டாங்களே சார்” என்று ஓர் ஆலோசகர் சொன்னால், அவருக்கு இந்தக் களம் தெரியாது.

இலவசத்திலிருந்து ஆரம்பிக்கலாம். டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், 14416. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. தேசிய அளவில் இதற்குத் தலைமை நிலையம் நம்ம ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழ் உண்டு. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மாற்றிவிடுவார். ராத்திரி ஒன்றரை மணிக்கு, கையில் இருந்த வாடகைப் பணமும் போய், மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இதைவிட நல்ல கதவு கிடையாது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது கதவுதான். அடுத்த முறை கூப்பிட்டால் வேறொருவர் எடுக்கலாம், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கலாம். வாரா வாரம் ஒரே ஆளோடு தொடரும் சிகிச்சையை அதனிடம் எதிர்பார்த்து ஏமாந்துவிட்டு, “கூப்பிட்டேன், சும்மா ஆறுதல் சொன்னாங்க” என்று திட்டுவது நியாயமில்லை. அந்த அழைப்பில் கேட்க வேண்டியது ஒன்று: “எனக்குப் பக்கத்தில் அடிக்‌ஷன் பார்க்கிற டாக்டர் யார், எப்படிப் போறது?” இதற்கு அவர்களால் பதில் சொல்ல முடியும்.

காசு கொடுத்துப் பார்ப்பதில் இரண்டு வகை. ஒன்று, ஆப் வழியாக ஆலோசகரை ஒதுக்கிக் கொடுக்கும் நிறுவனங்கள். இன்னொன்று, தனியாக வீடியோவில் பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பெங்களூரில் ஒரு செஷனுக்குப் பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு வரை ஆகும். ஆப்பில் விலை குறைவாகத் தெரியும், ஆனால் ஆள் யாரென்று தெரியாது. ‘கவுன்சலர்’ என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப் பலகை மாட்டிக்கொள்ளும் நிலை இன்னும் இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

முதல் செஷனிலேயே ஆளை எடைபோட்டுவிடலாம். நல்ல ஆலோசகர் குழந்தைப் பருவத்திலிருந்து ஆரம்பிக்க மாட்டார். ஒன்பது கேள்வி கொண்ட ஒரு பட்டியலை எடுப்பார்: தாங்கக்கூடியதைவிட அதிகமாகக் கட்டினீர்களா, விட்டதைப் பிடிக்கத் திரும்பப் போனீர்களா, ஆட கடன் வாங்கினீர்களா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. எட்டும் அதற்கு மேலும் வந்தால் அது பொழுதுபோக்கு இல்லை, நோய் எல்லைக்குள் வந்தாயிற்று. தற்கொலை எண்ணம் உண்டா என்று சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்பார். அவசரத்துக்குக் கூப்பிட ஒருவரின் எண்ணை வாங்கி வைப்பார். இந்த இரண்டும் இல்லாமல் முதல் மணி நேரம் முடிந்தால் இரண்டாவது மணிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அதற்கடுத்து அவர் கேட்க வேண்டியது யுபிஐ ஸ்டேட்மென்ட். இதைக் கேட்கிறவர்தான் தொழில் தெரிந்தவர். வாயால் சொல்லும்போது “எப்பவாவது, ஐநூறு ஆயிரம்” என்றுதான் வரும். திரையில் இருப்பது இப்படி இருக்கும்: இரவு 11.42க்கு 500. 11.51க்கு 1,000. 11.57க்கு 2,000. சரியாக 12 மணிக்கு 4,000. தொகை ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது. இடைவெளி ஒன்பது நிமிடம், ஆறு, மூன்று என்று சுருங்குகிறது. பதினெட்டு நிமிடத்தில் 7,500. பெறுகிறவர் பெயர் நான்கு முறையும் வேறு வேறு, எல்லாம் தனிநபர் கணக்கு. இந்த நாலு வரியை இருவரும் சேர்ந்து பார்த்தால், எந்த இடத்தில் நிறுத்த முடியும் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். அதற்குப் பிறகு அங்கே புத்தி வேலை செய்யவில்லை.

அந்தத் தனிநபர் கணக்குகள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவை. இதில் இன்னொரு வம்பு உண்டு. ஜெயித்த பணம் அப்படி ஒரு கணக்கிலிருந்து வந்து, அந்தக் கணக்கு எங்கேயோ சைபர் மோசடிப் புகாரில் மாட்டினால், பணம் வாங்கியவரின் சம்பளக் கணக்கும் முடக்கப்படலாம். வெறும் 3,000 ரூபாய்க்காக மொத்தச் சம்பளமும் நின்று, அந்தப் பதற்றத்திலேயே மறுபடி ஆடப் போகிறவர்கள் உண்டு. ஆலோசகர் இதை முன்கூட்டியே எச்சரித்தால் அவருக்குக் கூடுதல் மதிப்பெண்.

இனி அடைப்பு வேலை. இங்கேதான் பெரும்பாலான ஆன்லைன் சேவைகள் சொதப்புகின்றன. “கார்டை மனைவிகிட்ட குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். கார்டைக் கொடுத்தால் போதாது. யுபிஐ பின்னை டெபிட் கார்டு இல்லாமல் ஆதார் ஓடிபியை வைத்தே மாற்றிக்கொள்ள முடியும். சிம் கையில் இருக்கும்வரை கதவு திறந்தேதான் இருக்கிறது. ஒழுங்காகச் செய்வதென்றால் சம்பளம் விழும் கணக்கை எந்த யுபிஐ ஆப்பிலும் இணைக்காமல் விட வேண்டும். அந்தக் கணக்கோடு பதிவான போன் எண் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கிற சிம்மாக இருக்க வேண்டும். செலவுக்கென்று வேறொரு வங்கியில் சின்னக் கணக்கு, வாரத்துக்கு ஒருமுறை அதில் ஒரு தொகை. பஸ் பாஸ், மெட்ரோ, மெஸ், டீ எல்லாம் அதிலிருந்து. வாரத்துக்கு இரண்டாயிரம்தான் இருக்கிறது என்றால், இரட்டித்துக்கொண்டே போகும் அந்த ஏணியில் மூன்றாம் படி ஏறவே முடியாது.

கார்டுகளில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளைத் தனித்தனியே அணைத்து வைக்கும் வசதியை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020லேயே சொல்லிவிட்டது. வங்கி ஆப்பில் அந்தப் பொத்தான் இருக்கும். கிரெடிட் கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். முடிந்தால் கார்டையே மூடிவிடுவது நல்லது. ‘ஆட்டோபே’ பட்டியலையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மறந்துபோன சந்தா ஏதாவது அங்கே ஒளிந்திருக்கும்.

தளங்களைத் தடுக்கும் மென்பொருளில் பெட்பிளாக்கர் இலவசம், கேம்பன் கட்டணம். பெட்பிளாக்கரில் ஒரு நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரை காலம் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் பயனுள்ளவைதான், ஆனால் கோட்டைச் சுவர் என்று நினைக்கக் கூடாது. தினம் ஒரு பெயரில் முளைக்கும் தளங்கள் தடைப் பட்டியலில் ஏறும்வரை உள்ளே வந்துவிடும். பழைய போன் ஒன்று அலமாரியில் கிடந்தால் எல்லாம் வீண். இதைப் போடுவதோடு டெலிகிராம் குழுக்களை விட்டு வெளியேறி, ஐடிக்காரனின் எண்களை பிளாக் செய்து, ‘தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும்’ அனுமதியை அணைக்கவும் வேண்டும். நல்ல ஆலோசகர் இதையெல்லாம் வீட்டுப்பாடமாகக் கொடுக்க மாட்டார். “ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க, இப்பவே பண்ணிடலாம்” என்பார். ஆன்லைன் தெரபி நேரில் பார்ப்பதைவிட உசத்தி என்று சொல்ல ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான். நேரில் போனால் போன் பாக்கெட்டில் இருக்கும். இங்கே அது மேசைமேல் திறந்து கிடக்கிறது.

கடன் கணக்கு அடுத்தது. மறைத்து வைத்த ஒரு கடன் மிச்சம் இருந்தால்கூட, அதை அடைக்க ‘ஒரே ஒரு ஆட்டம்’ என்று கால் வழுக்கும். சிபில் உள்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றையாவது எடுத்து, செஷனில் வரிவரியாகப் பார்க்க வேண்டும். வங்கி, கார்டு, பதிவுபெற்ற நிதி நிறுவனங்கள் அதில் வரும். பதிவில்லாத லோன் ஆப், ஆபீஸ் நண்பரிடம் கைமாற்று, ஊரில் அடகு வைத்த நகை, சீட்டு எடுத்த பணம், வட்டிக்கு வாங்கியது எதுவும் வராது. அவற்றைத் தனித் தாளில் எழுத வேண்டும். லோன் ஆப்காரன் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் படம் அனுப்புவேன் என்று மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்கலாம். அதைச் சரிக்கட்ட இன்னொரு ஆப்பில் கடன் வாங்குவது தற்கொலைப் பாதை.

பணம் அடைபட்ட பிறகுதான் தெரபி என்று நாம் சொல்வது ஆரம்பிக்கிறது. இந்த நோய்க்கு அதிகம் பயன்படுவது சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சை. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. அதில் பாதி, ஆசை எழும் நேரத்தைக் கடத்தும் பயிற்சி. அது அலை மாதிரி, ஏறி இறங்கும். இருபது முப்பது நிமிடம் தாக்குப்பிடித்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். மீதிப் பாதி, மண்டைக்குள் ஓடும் பொய்க் கணக்குகளைப் பிரித்துப் பார்ப்பது. “இவ்வளவு நேரம் தோத்தாச்சு, இனி வந்துதானே ஆகணும்”, “ஒரு கார்டுல போச்சு”, “எனக்கு ரம்மி கை வந்த கலை”. இதற்கு உபதேசம் உதவாது, கணக்கு உதவும். இருவரும் சம திறமை, ஆளுக்கு நூறு போட்டு ஆடுகிறார்கள், மேசைக்காரன் இருநூறில் இருபதை எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் போட்டதில் பத்து சதவீதம் சராசரியாகக் கரைகிறது. ஐநூறு ரூபாயை முழுசாகப் பத்து தடவை சுழற்றினால் சராசரியாக மிஞ்சுவது 174. யாரும் ஏமாற்றவில்லை, கார்டும் சரியாகத்தான் விழுந்தது, அப்படியும் இவ்வளவுதான். இந்தப் பெருக்கலை ஆடுகிறவரையே போடச் சொல்கிற ஆலோசகர் நூறில் ஒருவராக இருந்தாலும் தேடிப் பிடிக்கலாம்.

மொழி விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒயிட்ஃபீல்டில் எட்டு வருடமாக ஆங்கிலத்தில் மீட்டிங் நடத்துகிறவர்கூட இந்த விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னால் அது ஒரு ரிப்போர்ட் மாதிரி வரும். “எனக்கு கம்பல்சிவ் பிஹேவியர் இருக்கு” என்பார். தமிழில் கேட்டால், “தங்கச்சி கல்யாணத்துக்கு வச்சிருந்ததுங்க” என்று வரும். சிகிச்சைக்கு வேண்டியது இரண்டாவது வாக்கியம். பல ஆப்களில் தமிழ் என்று வடிகட்டினால் சென்னை, கோவை ஆலோசகர்கள் கிடைப்பார்கள். வீடியோதானே, ஊர் ஒரு பொருட்டில்லை. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் கன்னடம் கலந்து வரும். சென்னை ஆலோசகருக்கு ஓரிரு வார்த்தை புரியாது, அது பெரிய குறையில்லை.

இடம் பெரிய குறை. மூன்று பேர் தங்கும் பிஜி அறையில் இதைப் பேச முடியாது. கழிவறைக்குள் நின்று பேசுகிறவர்கள், கேள்விக்கெல்லாம் “ம்”, “ஆமா” என்று முடித்துவிடுவார்கள். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையிலோ பூங்காவிலோ நடந்துகொண்டே குரல் அழைப்பில் பேசுவது எவ்வளவோ மேல். முதல் செஷனும் மருத்துவரோடு பேசுவதும் மட்டும் வீடியோவில் இருந்தால் போதும். நேரத்தையும் யோசித்து வாங்க வேண்டும். சனிக்கிழமை காலை பதினொரு மணி என்பது ஆலோசகருக்கு வசதி. ஆடுகிறவருக்கு ஆபத்தான நேரம் ஐபிஎல் மாலை ஏழரை, சம்பளம் விழும் நாள், பிஜியில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட ஞாயிறு இரவு. அந்த நேரத்தில் ஸ்லாட் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாதக் கடைசி வேலைநாளில் மாலை ஏழு மணிக்கு ஒரு செஷன், வேறு நாளில் நடக்கும் மூன்றுக்குச் சமம்.

மருந்து விஷயம் சுருக்கமாக. நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையைச் சில மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். கல்லீரல் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஓபியாய்டு வலி மாத்திரை எடுக்கிறவருக்கு ஆகாது. கூடவே மனச்சோர்வோ குடியோ இருந்தால் அதற்கும் மருந்து தேவைப்படும். தலைகீழாகவும் நடக்கும்: பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல், மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோல் போன்றவை சிலருக்குச் சூதாட்ட வெறியையே கிளப்பிவிடும். அறுபது வயதுக்குமேல் திடீரென்று ஆட ஆரம்பித்த அப்பாவை “வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு” என்று திட்டுவதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். டெலிமெடிசின் விதிகள் 2020 மார்ச்சில் வந்தன. சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் சாட்டிலேயே தூக்க மாத்திரை எழுதித் தருகிற சேவையை மூடிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

வீட்டாருக்குத் தனி செஷன் உண்டா என்று கேளுங்கள். மனைவியோ அம்மாவோ கடனை அடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நோய்க்கு அவர்களே முதல் போடுகிறார்கள். மருத்துவக் கையேடு இந்த நோய்க்குச் சொல்லும் ஒன்பது அடையாளங்களில், பிறர் பணத்தால் தப்பிப்பதும் ஒன்று. ஆனால் “ஒரு பைசா தராதீங்கம்மா” என்று ஒரே வரியில் முடிக்கும் ஆலோசகரும் வேண்டாம். வாடகையை வீட்டுக்காரருக்கு நேராகக் கட்டலாம், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைப் பள்ளிக்கு நேராகக் கட்டலாம், கையில் மட்டும் காசு தரக் கூடாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தருகிறவர் வேண்டும். ஆடுகிறவரின் சம்மதம் இல்லாமல் அவர் சொன்னதை வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்பது 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

ஐடி கம்பெனிகள் ஊழியர்களுக்கு இலவசமாகத் தரும் கவுன்சலிங், பரவாயில்லை ரகம். தூக்கம், மேனேஜர் தொல்லை, விவாகரத்து இவற்றுக்குப் பழகியவர்கள். சில செஷனோடு முடியும். எச்ஆருக்குப் பெயர் போகுமா என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு, நல்ல நிபுணரின் பெயரை வாங்க அதைப் பயன்படுத்தலாம்.

சில ஆப்களின் வடிவமைப்பே நமக்கு ஆகாது. வாலெட்டில் பணம் ஏற்றச் சொல்வது, இருபது செஷனை மொத்தமாக இன்றே வாங்கினால் தள்ளுபடி என்று கடிகாரம் ஓடவிடுவது, பணம் திரும்பக் கேட்டால் ரூபாய்க்குப் பதில் ஆப்புக்குள்ளேயே செலவழிக்கும் ‘காயின்’களாகத் தருவது, இதெல்லாம் யார் வீட்டுத் தந்திரம் என்று ஆடியவருக்குத் தெரியும். தள்ளுபடிக்குச் சக்கரம் சுற்றச் சொன்னால் அன்றே அழித்துவிடலாம். செஷனுக்குச் செஷன் பணம், அதுவும் வீட்டார் கணக்கிலிருந்து, என்பதே சரி. மூன்று செஷனில் நூறு சதவீதம் குணம் என்கிறவரைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம்.

சிலருக்கு ஆன்லைன் போதாது. தற்கொலை முயற்சி நடந்திருந்தால், தினம் குடி இருந்தால், போனை யாரிடமும் கொடுக்க முடியாத அளவுக்குப் போயிருந்தால், நேரே நிம்ஹான்ஸ். அங்கே அடிக்‌ஷன் மருத்துவ மையம் இருக்கிறது. போன், இணையம் சார்ந்த பழக்கங்களுக்கென்றே 2014லிருந்து ‘ஷட்’ கிளினிக் நடக்கிறது. காத்திருக்க வேண்டும், காலையில் சீக்கிரம் போக வேண்டும், கட்டணம் தனியாரோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வருகிறவர்கள் ஏராளம் என்பதால் தமிழ் பேச ஆள் இல்லாமல் போகாது. அங்கே ஆரம்பித்து, நிலைமை சீரானபின் ஆன்லைனில் தொடர்வது நல்ல ஏற்பாடு.

கடைசியாக, சேவையை எடுக்கும் முன்பே கேட்டு வைக்க வேண்டிய ஒரு கேள்வி: “நடுவுல ஒருநாள் மறுபடி ஆடிட்டா என்ன செய்வீங்க?” பெரும்பாலானவர்கள் ஒருமுறையாவது ஆடிவிடுவார்கள். அந்த வாரம்தான் வெட்கத்தில் செஷனை ரத்து செய்வார்கள், பலர் அத்தோடு திரும்பி வருவதே இல்லை. “அப்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். “அன்னைக்கே ஒரு மெசேஜ் போடுங்க, மறுநாள் பதினஞ்சு நிமிஷம் பேசலாம், எந்த ஓட்டை வழியா பணம் போச்சுன்னு பார்த்து அடைச்சிடலாம்” என்றால், அவருடைய எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சிம் வைத்திருக்கிறவரின் போனிலும்.